பத்துக்கு எத்தனை

எங்கள் பட்டறையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும். பேச்சு என்பது பெயருக்குத்தான். என் முன்பல் இரண்டு அப்படி ஒரு பேச்சில் போனது. அதே பேச்சில் மானேஜரின் மூக்கும் உடைந்தது. உடைத்தவன் யார் என்று கேட்காதீர்கள், என் விரல் முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்த பேச்சில் என் அண்ணனின் மண்டை உடைந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது என் அண்ணியைப் பற்றி. பட்டறையில் அவளைத் தராசு என்பார்கள். என்னைக் கொள்ளி என்பார்கள். என் பெயருக்குக் காரணம் இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அண்ணிக்கு எடைமேடையில் வேலை. வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. லாரி மேடையில் ஏறி நிற்கும், அண்ணி எண்ணைப் பார்ப்பாள், சீட்டு எழுதுவாள். ஏற்றிச் சொல்லவும் மாட்டாள், இறக்கிச் சொல்லவும் மாட்டாள். ஒரு தடவை ஒரு லாரிக்காரன், இரும்பு எடையைக் கூட்டிப் போடச் சொல்லி மேசைமேல் கத்தியைக் குத்தி நிறுத்தினான். அண்ணி கத்தியைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள். "இந்த மேடை பத்து கிலோவுக்குக் கம்மியா எதையும் மதிக்காது தம்பி. உங்க கத்தியையும் சேர்த்துத்தான்" என்றாள். அவன் முகம் செத்துப்போனது. நாங்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

நான் சம்மட்டி மெஷினில் நிற்பவன். உலையிலிருந்து வரும் சிவந்த இரும்பை இடுக்கியால் பிடித்துக் கொடுக்க வேண்டும், மேலிருந்து சம்மட்டி இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் நெருப்புச் செதில் தெறிக்கும். சட்டைக்குள் போகும், காதுக்குள் போகும். ஆனால் எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. சுட்ட இடத்தை வாயால் ஊதினவன், அன்றைக்கு ஷிப்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அதனால் எவனும் ஊத மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். பதினாறு வருடத்தில் நான் ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. என் முதுகைப் பார்த்தால் அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று தெரியும்.

அண்ணன் சங்கத்துச் செயலாளராக இருந்தான். மூன்று வருடம் முன்னால் பேச்சு முறிந்த அன்று, கம்பெனி வெளியிலிருந்து கூலி ஆட்களைக் கூட்டி வந்திருந்தது. வாசலில் அவர்கள் முப்பது பேர், நாங்கள் நூறு பேர். எல்லார் கையிலும் கம்பி. பத்தே நிமிடம்தான். கூட்டம் கலைந்தபோது அண்ணன் தரையில் கிடந்தான். இடது காதுக்கு மேலே எலும்பு உள்ளே போயிருந்தது. கூலி ஆட்கள் அடித்துவிட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னேன். அந்த முப்பது பேரில் ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்து, பஸ் நிற்கும் இடத்தில் வைத்து அவன் காலை முறித்தேன். அவன் கடைசி வரைக்கும், "நான் உங்க அண்ணன் பக்கமே வரலண்ணே" என்று கதறினான். நான் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழித்து அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. பசித்தால் "விடுடா" என்பான். தண்ணீர் வேண்டுமென்றால் "விடுடா". அவன் குழந்தை மடியில் ஏறினால் சிரித்துக்கொண்டே "விடுடா". மூளையில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட நேரத்துச் சொல் சில சமயம் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். நான் அந்த அறையில் அதிக நேரம் இருக்க மாட்டேன். குழந்தையைக் கொஞ்சிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அடுத்த பேச்சுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சமையலறையில் மேடைக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கம்பியை அண்ணி எடுத்து வெளியே போட்டாள்.

"இது எதுக்கு?"

"சும்மாதான் அண்ணி."

"சும்மா ஒருத்தன் அரை இஞ்ச் கம்பிக்குத் துணி சுத்தி வைப்பானா? இங்க பாரு. இந்த வீட்டுல இன்னொரு தலை உடையக் கூடாது. உன் தலையும் உடையக் கூடாது. உன்னால இன்னொரு வீட்டுத் தலையும் உடையக் கூடாது. இந்தத் தடவை நான் வேற வழி வச்சிருக்கேன்."

அவள் சாயங்காலக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்ததுதான் அந்த வழி. ஃபஸி லாஜிக் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாஷிங் மெஷின்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அதா? துணி துவைக்கிற மெஷினா நமக்குச் சம்பளம் போடப் போகுது?"

"ஆமா, உன்னையும் சேர்த்துத் துவைக்கப் போகுது. உக்காரு."

அடுப்பில் அண்ணனுக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. என் விரலைப் பிடித்து அதில் வைத்தாள்.

"சூடா, இல்லையா?"

"சூடுன்னு சொல்ல முடியாது. வெதுவெதுன்னு இருக்கு."

"பாத்தியா? சூடு, சூடு இல்லன்னு ரெண்டே ரெண்டு பதில் இல்ல. நடுவுல எவ்வளவோ இருக்கு. பத்துக்கு எத்தனைன்னு கேட்டா நாலுன்னு சொல்லுவ. நீங்க இருபத்தஞ்சு சதவீதம் கேக்கறீங்க, அவங்க அஞ்சு தரேங்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே எண்ணப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. கடைசில கம்பிய எடுக்கறீங்க. இதுல அப்படி இல்ல. வேலை எவ்வளவு கஷ்டம், வீட்ல எவ்வளவு நெருக்கடின்னு நீங்க எழுதுங்க. ஆர்டர் எவ்வளவு, லாபம் எவ்வளவு, எந்த உயர்வு வரைக்கும் தாங்கும்னு அவங்க எழுதட்டும். வேலை ரொம்பக் கஷ்டம்னா சம்பளம் நல்லா ஏறணும், லாபம் சுமார்னா கொஞ்சம் நிதானிக்கணும்னு இப்படி முப்பது விதி இருக்கு. ஒவ்வொண்ணும் எவ்வளவு தூரம் பொருந்துதோ அவ்வளவு தூரம் இழுக்கும். எல்லா இழுப்பையும் சேர்த்து ஒரு எண் வரும். அதுலேருந்து பேச்ச ஆரம்பிக்கலாம்."

எனக்குப் பாதி புரிந்தது. சங்கத்தில் பாதிப்பேர் எதிர்த்தார்கள். ஆனால் அண்ணனின் பெண்டாட்டி கேட்கிறாள் என்பதால் வாயை மூடிக்கொண்டார்கள். மானேஜர் மூக்கைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் சொல்லும் எண்ணுக்கு இரண்டு மேலேயோ இரண்டு கீழேயோ முடித்துக்கொள்வதாக இரு தரப்பும் கையெழுத்துப் போட்டது. கணக்கைப் போடுவது வாத்தியார், இரண்டு பக்கத்துக்கும் பொது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேசையில் தாள்களைக் கொடுத்தார்கள். ஐந்து வரி. சூடு, பாரம், சத்தம், ஆபத்து, வீட்டு நெருக்கடி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் தாள் என் கையில் வந்தது. எல்லார் கண்ணும் என் பேனாமேல்.

"என்னடா கொள்ளி, சூடு எத்தனை போடப் போற? பத்தா?" என்றான் கிரேன் ஓட்டுகிற கொக்கி. எனக்கு எதிரே உட்கார்ந்து என் வாயைக் கிளறுவதே அவனுக்கு வேலை.

"பத்தா? அதெல்லாம் கிரேன்ல உக்காந்து காத்து வாங்கறவனுக்கு. நமக்கு ரெண்டு" என்று சொல்லி, பெரிதாக இரண்டு என்று எழுதினேன். பாரத்துக்கும் இரண்டு. ஆபத்துக்கு ஒன்று.

மேசையே சிரித்தது. அடுத்தவன் என்னைவிடக் குறைத்து எழுதினான். உலைக்காரர், இருபத்தெட்டு வருடம் நெருப்புக்கு முன்னால் நின்று இமை முடி இல்லாமல் போன மனுஷன், சூட்டுக்குச் சைபர் போட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் தூள் பறந்தது. கொக்கி எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டான். வீட்டு நெருக்கடி வரியிலும் அதே கதைதான். எவனாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பார்க்கும்படி, வீட்டில் கஷ்டம் என்று எழுதுவானா? ஊதினால் டீ வாங்க வேண்டும் என்ற புத்தியிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் நிரப்பினோம். முட்டாள்கள் என்றால் எங்களைப் போல முட்டாள்கள் கிடையாது.

நான்கு நாள் கழித்து வாத்தியார் முற்றத்தில் ஸ்டூல்மேல் ஏறி எண்ணைப் படித்தார்.

ஒன்பது.

பதினைந்து வரைக்கும் கம்பெனி தயாராக இருக்கிறது என்று ஆபீஸ் பியூன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். மெஷின் அதிலும் குறைத்துவிட்டது.

"வித்துட்டாடா! தராசு நம்மள வித்துட்டா!"

முதலில் கத்தியது கொக்கி. அப்புறம் யார் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. வாத்தியாரை ஸ்டூலோடு தள்ளினார்கள். நாலைந்து பேர் அவர் பையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். மீதிக் கூட்டம் எடைமேடைப் பக்கம் ஓடியது. ஓடும்போதே முற்றத்தில் கிடந்த குவியலிலிருந்து போல்ட்டுகளை அள்ளிக்கொண்டார்கள். கை அகலம் இருக்கும் போல்ட்டுகள், ஒன்று தலையில் பட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான்.

நானும் ஓடினேன். வழியில் வெட்டுமேசைக்குப் பக்கத்தில் கிடந்த கம்பியை என் கை தானாகவே எடுத்துக்கொண்டது.

நான் போவதற்குள் முதல் கண்ணாடி போய்விட்டது. அண்ணி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இரண்டாவது கண்ணாடி உடைந்து அவள் மேல் கொட்டியது. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கி எடைப் புத்தகத்தில் சொட்டியது. அவள் புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு எழுந்து அறை வாசலுக்கு வந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எவனாவது கிட்ட வாங்கடா பாக்கலாம்!"

ஒருத்தன் வந்தான். முழங்காலில் அடித்தேன், விழுந்தான். இன்னொருத்தன் பக்கவாட்டில் பாய்ந்தான். கம்பி நுனியால் அவன் வயிற்றில் குத்தினேன். போல்ட் ஒன்று என் தோள்பட்டையில் இறங்கியது, கை மரத்துப்போனது. அப்போது கொக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"தள்ளுடா கொள்ளி. புருஷனப் படுக்கையில போட்டுட்டு மானேஜர் ரூம்ல மணிக்கணக்கா என்னத்தப் பேசினாள்னு அவளையே கேளு."

எனக்குக் கண் இருட்டிவிட்டது. கொக்கியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் மண்டையைப் பிளந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, தலைக்குப் பின்னால் வரை வீசித் தூக்கினேன்.

பின்னால் கம்பி எதிலோ பட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்தது. அது என் கைக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். அன்றைக்கும் வாசலில் இப்படித்தான் தூக்கினேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பி பின்னால் எதிலோ பட்டது. சுவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் சுவர் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

திரும்பினேன். அண்ணி கம்பியின் மறுமுனையை இடது கையால் பிடித்திருந்தாள். இரண்டு விரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முகத்தில் ரத்தம். ஆனாலும் பிடியை விடவில்லை.

"விடு" என்றாள்.

விட்டேன். கம்பி தரையில் விழுந்து உருண்டது. கொக்கி கூட அசையாமல் நின்றான். யாரும் கேட்காமலே சட்டையைக் கழற்றினேன். முதுகைக் கூட்டத்துக்குக் காட்டினேன். சுட்டு ஆறி, ஆறி மறுபடி சுட்டு, தோல் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

"இந்த முதுக வச்சுக்கிட்டு சூடு ரெண்டுன்னு எழுதினவன் நான்தான்டா! நான் ரெண்டு போட்டேன், நீங்க ஒண்ணு போட்டீங்க, பெரியவர் சைபர் போட்டாரு. நாம சொன்னதத்தான மெஷின் சொல்லுச்சு? அவளையா அடிக்க வந்தீங்க? என்ன அடிங்கடா! வாங்கடா!"

யாரும் வரவில்லை. உலைக்காரர்தான் முதலில் கையிலிருந்த போல்ட்டைக் கீழே போட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் போல்ட்டுகள் விழும் சத்தம் கேட்டது.

விரல் எப்படி முறிந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "கதவுல நசுங்கிடுச்சு" என்றாள் அண்ணி. ஏற்றி இறக்கிச் சொல்லாதவள் எனக்காகப் பொய் சொன்னாள். கையில் கட்டு, நெற்றியில் ஆறு தையல். மறுநாள் காலை வேலைக்கு வந்துவிட்டாள். மானேஜரிடம் நேரே போய், அந்தத் தாள்கள் செல்லாது, மறுபடியும் நிரப்ப வேண்டும் என்றாள். ஒன்பதிலேயே முடித்துவிடலாம் என்று அவருக்கு ஆசைதான். ஆனால் முற்றத்தில் இன்னும் கிடந்த போல்ட்டுகளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார். வாத்தியாரும் கையில் சிராய்ப்போடு மறுபடி வந்தார், பாவம்.

இந்தத் தடவை கேன்டீன் கிடையாது. கண்ணாடி போன எடைமேடை அறைக்கு அட்டை வைத்து மறைத்தார்கள். ஒரு சமயத்தில் ஒரே ஆள்தான் உள்ளே. தாளை மடித்து அவனே பெட்டியில் போட வேண்டும். ஐந்து எண் எழுத உலைக்காரருக்குக் கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்து நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. கொக்கி எழுதிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். கேன்டீனில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். எண் இருபத்தொன்று வந்தது. இருபதுக்கு முடிந்தது. ஒரு நாற்காலி கூடப் பறக்கவில்லை. மானேஜர் மூக்கு பத்திரமாக இருக்கிறது.

கடைசித் தாள் என்னுடையது. இரண்டாம் நாள் வேலை முடியும் நேரம். உள்ளே போனேன். வெளியே காவல் இருந்த அண்ணி என் பின்னாலேயே வந்து, எனக்கு மட்டும் தாளை அவள் கையாலேயே நீட்டினாள். சூட்டுக்கு ஒன்பது எழுதினேன். ஆபத்துக்கும் ஒன்பது. ஐந்து வரியும் முடிந்தது. கீழே ஆறாவதாக ஒரு வரி இருந்தது. பேனாவால், அண்ணியின் கையெழுத்தில்.

'அன்னைக்கு வாசல்ல பட்டது உன் கம்பியா?'

தலையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எப்ப தெரியும் அண்ணி?"

"உங்கண்ணன் விடுடா விடுடான்னு யாரச் சொல்லுவாரு? முன்னப் பின்ன தெரியாத கூலி ஆளையா? உன் சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுச் சொன்னதுதான் அது. வீட்டுக்கு வந்த முதல் நாளே நெனச்சேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா ஒண்ணு ஆமாம்பே, இல்லாட்டி இல்லைம்பே. இல்லன்னா உன்ன நம்பியிருக்க மாட்டேன். ஆமான்னா நீ உத்தரத்துல தொங்கியிருப்பே. ரெண்டும் எனக்கு வேண்டாம். கூட்டத்துல முப்பது கம்பி பின்னால போச்சு, உன்னுதும் போச்சு. அதான் கேக்கறேன். பத்துக்கு எத்தனை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கால் முறிந்தவன் கதறியது காதில் கேட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாய்விட்டு அழுதேன், சிறுபிள்ளை போல மூக்கு ஒழுக அழுதேன். அண்ணி தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எட்டு என்று எழுதினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஸ்கேலை வைத்து அந்த ஆறாவது வரியை மட்டும் நேராகக் கிழித்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மீதியை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

"நான் ஏழு போட்டு வச்சிருந்தேன்" என்றாள். "மூணு வருஷமா ஏழுதான். சரி, எந்திரி. அவரக் குளிப்பாட்டணும். ஒத்தைக் கையால என்னால தூக்க முடியாது. இனிமே தினமும் நீதான் தூக்கணும்."

வீட்டுக்குப் போனோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணனின் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினேன். மூன்று வருடத்தில் அவனை நான் தொட்டதே அப்போதுதான். என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "விடுடா" என்றான் அண்ணன்.

நான் விடவில்லை.